அடிகுழாயின் காவலர்

ஆடிக் கிருத்திகை நாளில் திருத்தணி மலையை நோக்கிக் காவடி சுமந்து நடப்பவர்களுக்கு வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மண்பானைகளில் நீர் நிரப்பி வெட்டிவேர் இட்டு வைப்பார்கள். பந்தல் நிழலில் சிறுவர்கள் குவளையும் கையுமாக நிற்பார்கள். கே.ஜி.கண்டிகையில் அவ்வாறு நின்ற சிறுவர்களுள் நானும் ஒருவன். ஆந்திர எல்லை அருகில் இருப்பதால் தமிழில் கேட்பவர்களும் வருவார்கள், தெலுங்கில் கேட்பவர்களும் வருவார்கள். 'தண்ணி' என்றாலும் 'நீள்ளு' என்றாலும் நாங்கள் நீட்டிய குவளை ஒன்றே.

தாகத்துக்கு நீர் தருவதைத் தமிழர் பேரறமாக மதித்தனர். திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்ததைப் பெரிய புராணம் படித்த மாணவர்கள் அறிவார்கள். ஆனால் எங்கள் பந்தலை அன்று மாலையே பிரித்துவிடுவோம். மூங்கிலை உரியவரிடம் கொடுத்துவிட்டு, பானையைக் கவிழ்த்துவிட்டு வீடு திரும்புவோம். மறுநாள் அவ்வழியே வருபவனுக்கும் தாகம் எடுக்குமே என்று அந்த வயதில் எங்களுக்குத் தோன்றியதில்லை.

இதை நான் நினைத்துப் பார்க்கும்படி செய்தவர் என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர். ஆப்பிரிக்கச் சிற்றூர்களுக்குத் தூய குடிநீர் கிடைக்கச் செய்யும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றில் ஓராண்டு பணியாற்றப் போவதாக அவர் என்னிடம் வந்து சொன்னார். கைப்பணம் மிகுதியாக இல்லாத நிறுவனம். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்துவது. "ஐயா, அங்கே போய் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். கிணறு வெட்டத்தான் போகிறார் என்று எண்ணி, உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினேன். அது சரியான விடையன்று என்பதைச் சில வாரங்களில் அறிந்தேன்.

உகாண்டாவிலிருந்து அவர் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். செம்மண் தரை, வாழைத் தோப்பு, மஞ்சள் நிறத் தகரங்களை வரிசையாக வைத்துக் காத்திருக்கும் பெண்கள். நடுவில் ஒரு அடிகுழாய். அதைக் கண்டதும் என் உள்ளங்கை பழைய காய்ப்பை நினைவுகூர்ந்தது. எங்கள் தெருமுனையில் நின்றதும் அதே குழாய்தான்! அதே இரும்புப் பெட்டித் தலை, அதே நீண்ட கைப்பிடி, அதே மூன்று கால்கள். உகாண்டாவில் அதற்கு யூ-2 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அதன் பெயர் இந்தியா மார்க் 2. நம் தமிழ்நாட்டில் உருவாகி உலகைச் சுற்றிய பொருள் அது. அதன் வரலாற்றைச் சிறிது சொல்கிறேன்.

1966, 1967ஆம் ஆண்டுகளில் பீகாரிலும் அண்டைப் பகுதிகளிலும் கடும் வறட்சி நேர்ந்தது. அப்போது யூனிசெப் நிறுவனம், பாறையை விரைவாகத் துளைக்கும் எந்திரங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. நம் தக்காணப் பீடபூமியின் அடியில் இருப்பது கடும்பாறை. கடப்பாரையும் வெடிமருந்தும் கொண்டு மாதக் கணக்கில் தோண்டவேண்டிய ஆழத்தை அந்த எந்திரங்கள் ஓரிரு நாளில் எட்டின. ஊர்தோறும் ஆழ்துளைக் கிணறுகள் தோன்றின. ஒவ்வொன்றின் தலையிலும் வார்ப்பிரும்புக் குழாய் ஒன்று பொருத்தப்பட்டது.

குறை அந்தக் குழாயில் இருந்தது. அமெரிக்க, ஐரோப்பியப் பண்ணை வீடுகளில் ஒரு குடும்பம் நாளொன்றுக்குச் சில வாளி நீர் எடுப்பதற்காகச் செய்யப்பட்ட குழாயின் நகல் அது. இங்கோ ஒரு குழாயை நம்பி முந்நூறு பேர் இருந்தனர். விடியற்காலை தொடங்கி இரவு வரை அதற்கு ஓய்வில்லை. மூட்டுகள் தேய்ந்தன, ஆணிகள் கழன்றன, கைப்பிடிகள் முறிந்தன. 1970களின் நடுவில் யூனிசெப் கணக்கெடுத்தபோது, பார்த்த குழாய்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர் தராமல் நின்றன. பெரும்பொருள் செலவிட்டுப் பாறையைத் துளைத்து, அதன்மேல் ஓர் இரும்புப் பொம்மையை நட்டு வைத்தது போலாயிற்று.

விடை பெரிய ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வரவில்லை. மகாராட்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் ஆகிய ஊர்களில் கிறித்தவத் தொண்டு அமைப்புகள் சிறு பட்டறைகள் வைத்துச் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குக் கிணறு அமைத்துக் கொடுத்து வந்தன. தாங்கள் நட்ட குழாய் பழுதானால் தாங்களே போய்ப் பார்க்கவேண்டிய நிலையில் இருந்தவர்கள் அவர்கள். ஆகவே பழுதாகாத குழாய் ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. பலமூட்டு அமைப்பை அவர்கள் விட்டுவிட்டார்கள். வார்ப்பிரும்புக்குப் பதில் எஃகைக் கொண்டு, ஒரே அச்சில் ஏறி இறங்கும் கைப்பிடியை அமைத்தார்கள். சோலாப்பூர்க் குழாய் என்று பெயர்பெற்ற அதனை அடிப்படையாக வைத்துத்தான் இந்திய அரசும் யூனிசெப்பும் பிறரும் கூடி இந்தியா மார்க் 2 என்பதை வகுத்தனர். சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்டு கிரட்டாஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை அதனை உருவாக்கியது. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆழமான கிணறுகளில் நட்டு அதனைச் சோதித்தார்கள். 1970களின் முடிவுக்குள் அது நாடெங்கும் பரவத் தொடங்கியது. அதன் வடிவத்துக்கு எவரும் காப்புரிமை கொண்டாடவில்லை. எந்த நாட்டவரும் செய்துகொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். 1981 முதல் 1990 வரையிலான ஆண்டுகளை ஐக்கிய நாடுகள் அவை குடிநீருக்கான பத்தாண்டாக அறிவித்தபோது, மாலி, கானா, உகாண்டா எனப் பல ஆப்பிரிக்க நாடுகளுக்கு அது கப்பலேறிற்று.

வானொலியில் படம் காட்ட இயலாது. ஆதலால் அந்தக் குழாயின் உள்ளமைப்பைச் சொல்லால் காட்ட முயல்கிறேன். கைப்பிடி என்பது கனத்த இரும்புத் தண்டு. அது தலைப்பெட்டிக்குள் நுழையும் இடத்தில் பால் பேரிங் பொருந்திய ஓர் அச்சில் தங்கியிருக்கும். பெட்டிக்குள் இருக்கும் அதன் முனை கால்வட்டமாக வளைந்திருக்கும். அந்த வளைவின்மேல் மிதிவண்டிச் சங்கிலியை ஒத்த ஒரு சங்கிலி படிந்து தொங்கும். சங்கிலியின் அடியில் மூன்று மூன்று மீட்டர் நீளமுள்ள கம்பிகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுப் பாறைக்குள் இறங்கும். கடைசிக் கம்பியின் முனையில், பித்தளை உள்ளுறை கொண்ட உருளைக்குள், தோல் வாஷர் அணிந்த அடைப்பு ஒன்று மேலும் கீழும் செல்லும். நாம் கைப்பிடியை அழுத்தும்போது அடைப்பு நீர்ப்பத்தியைத் தூக்குகிறது. விடும்போது கம்பிகளின் எடையே அதைக் கீழே இறக்குகிறது. ஒரு முறை அழுத்தினால் ஏறத்தாழ 0.4 லிட்டர் நீர் வரும். ஒரு குடம் நிரம்ப நாற்பது முறை அழுத்த வேண்டும். எங்கள் தெருப் பெண்கள் இக்கணக்கை எந்தப் புத்தகத்திலும் படிக்காமலே அறிந்திருந்தனர்.

இத்துணை உறுதியான குழாய்க்கும் பழுது வரத்தான் செய்யும். தோல் தேயும், சங்கிலிக்கு எண்ணெய்ப் பசை வற்றும், கம்பி கழலும். ஊரில் ஒருவர் அதைக் கவனித்து உரிய இடத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் 1970களின் பிற்பகுதியில் ஓர் ஏற்பாடு தோன்றியது. 1971இல் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் யூனிசெப்பும் சேர்ந்து கண்ட ஏற்பாடு அது. மூன்று படிகள் கொண்டது. மாவட்டத்துக்கு ஒரு வண்டியும் பெரும்பழுது நீக்கும் குழுவும் ஒரு படி. ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு பிட்டர் இன்னொரு படி. எல்லாவற்றுக்கும் அடியில், ஒவ்வொரு குழாய்க்கும் அவ்வூரிலேயே ஒரு காவலர். இவருக்குச் சம்பளம் கிடையாது. இரண்டு நாள் பயிற்சியும், முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய சில அட்டைகளும் கொடுப்பார்கள். குழாய் பழுதானால் அட்டையை நிரப்பித் தபாற்பெட்டியில் போடவேண்டும். உலகத்தில் பெரிய பெரிய திட்டங்கள் பல உண்டு. ஓர் அஞ்சலட்டையை நம்பி நின்ற இத்திட்டத்தை நான் அவற்றுக்குக் குறைவாக மதிப்பதில்லை.

எங்கள் தெருக் குழாய்க்குக் காவலனாக இருந்தவன் நான். அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் என்னைத் தேர்ந்தார்கள். பயிற்சியில் நட்டு முடுக்கவும், சங்கிலிக்குக் கிரீசு தடவவும், மேடையைச் சுற்றி நீர் தேங்காமல் வாய்க்கால் எடுக்கவும் கற்றுக்கொண்டேன். முதல் ஓராண்டு மிக ஊக்கமாகச் செய்தேன். இரண்டு அட்டைகள் அனுப்பினேன். இரண்டு முறையும் பிட்டர் வந்து சரிசெய்தார். தெருவில் என் மதிப்பு உயர்ந்தது. பிறகு பங்குனி மாதத்தில் ஒரு நாள் கைப்பிடி கனமில்லாமல் இறங்கிற்று. கீழே கம்பி கழன்றுவிட்டதற்கு அது அடையாளம். உடனே அட்டையை எடுத்துக் குழாய் இருக்கும் இடம், பழுதின் தன்மை, தேதி எல்லாம் எழுதினேன். காலையில் பேருந்துக்குப் போகும்போது போடலாம் என்று பொருளாதாரப் புத்தகத்துக்குள் வைத்தேன். தேர்வுக்கு வேறு பாடங்கள் முன்னே வந்தன. அந்தப் புத்தகத்தை நான் திறக்கவில்லை.

ஒரு வாரம் சென்றது. பெண்கள் ஏரிக்கரைக்கு அப்பாலிருந்த பழைய பாசனக் கிணற்றுக்குப் போகத் தொடங்கினர். படியிறங்கி மொண்டுவரும் கிணறு அது. பாசி படர்ந்திருக்கும், ஆடு மாடுகளைக் கழுவுவதும் அங்கேதான். மூன்றாம் வாரத்தில் எங்கள் தெருவில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. அவர்களுள் ஒரு சிறுமியைத் திருத்தணி மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். எதிர்வீட்டில் தெலுங்கு பேசும் மூதாட்டி ஒருவர் இருந்தார். தெருவே அவரை அவ்வா என்று அழைக்கும். அவர் தம் தமிழில் என்னைக் கேட்டார்: "ஏம்பா, கார்டு போட்டியா?"

"போட்டேன் அவ்வா" என்றேன்.

சொல்லும்போது போட்டதாகவே நம்பினேன் என்று இங்கே நான் கூறினால் அது இன்னொரு பொய்யாகும். ஐயம் அப்போதே என் நெஞ்சில் இருந்தது. இரவில் விளக்கை வைத்துக்கொண்டு தேடினேன். அட்டை புத்தகத்திலேயே இருந்தது. விடிவதற்கு முன் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு பிட்டரின் வீட்டுக்குப் போனேன். "கார்டு வரவில்லையே தம்பி" என்று அவர் வியந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அன்றே மாவட்டக் குழுவுக்குச் சொல்லியனுப்ப, மறுநாளைக்கு மறுநாள் வண்டி வந்தது. முக்காலி நிறுத்திக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழன்ற கம்பியைப் பூட்டினார்கள். தெருவினர் பழியைத் தபால்காரர்மீது போட்டார்கள். அவரும் தம்மேல் என்ன குற்றம் என்று தெரியாமல் சில நாள் தெருவில் தலைகாட்டக் கூசினார். மருத்துவமனைக்குப் போன சிறுமி பிழைத்துத் திரும்பினாள். அவ்வா பல ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டார். அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்தத் தபால்காரரிடமும் சொல்லவில்லை.

மூன்று வாரம் என்பது அத்தனை பெரிய காலமா என்று மாணவர்கள் கேட்கலாம். நரம்புச் சிலந்தி என்றொரு நோய் இருந்தது. தேங்கிய நீரிலுள்ள நுண்ணிய நீர்ப்பூச்சியை அந்த நீரோடு ஒருவர் குடித்துவிட்டால், அதற்குள்ளிருந்த புழு அவர் உடம்பில் ஓராண்டுக் காலம் வளரும். பின்னர் ஒரு மீட்டர் வரை நீண்ட வெண்ணிறப் புழுவாகக் காலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். வேதனை தாங்காமல் அவர் காலை நீரில் நனைத்தால் அதே கிணறு மீண்டும் நோய்க்கு விளைநிலமாகும். ஆக, ஒரு நாள் குடித்த தவறான நீர் ஓராண்டுக்குப் பின் ஓர் உழவனைப் படுக்கையில் கிடத்தும். தமிழ்நாடும் அந்நோய் இருந்த மாநிலங்களுள் ஒன்று. இதற்குத் தடுப்பூசி இல்லை. கொல்லும் மருந்தும் இல்லை. மடித்த துணியில் நீரை வடிகட்டுவதும், படிக்கிணற்றை மூடி அடிகுழாய் வைப்பதும், நோயாளியை நீரில் இறங்காமல் தடுப்பதுமே வழி. இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் இராசத்தானில் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் நம் நாட்டை நோயற்றது எனச் சான்றளித்தது. உலக அளவில் 1986இல் ஏறத்தாழ 35 லட்சம் பேரை வாட்டிய நோய், 2023இல் 14 பேருக்கு மட்டுமே இருந்தது. அந்த 14 பேரும் ஆப்பிரிக்காவில் இருந்தனர். அங்கே இந்நோயை இந்த அளவுக்குக் குறைத்தவர்கள் பெரும்பாலும் ஊதியமோ பட்டமோ இல்லாத ஊர்த் தொண்டர்கள். ஒவ்வொரு வீட்டுக் காலையும் பார்த்து, ஒவ்வொரு வீட்டு வடிதுணியும் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து, நாள்தோறும் சொல்லியனுப்பிய மக்கள் அவர்கள்.

ஆப்பிரிக்கக் குழாய்களின் நிலை என்னவென்று கேட்டால், 2009ஆம் ஆண்டளவில் தொகுத்த மதிப்பீடு ஒன்று உண்டு. சகாராவுக்குத் தெற்கே இருபது நாடுகளில், எந்த நாளில் பார்த்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட அடிகுழாய்கள் நீர் தராமல் நின்றன. நட்டுவிட்டுப் போனவர்கள் பலர்; திரும்பி வந்து பார்த்தவர்கள் சிலர். நம் ஊர் இரும்பும் எல்லா இடத்துக்கும் ஒத்துவரவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் பல இடங்களில் நிலத்தடி நீர் அமிலத் தன்மை உடையது. நாகம் பூசிய இரும்புக் குழாயை அது சில ஆண்டுகளில் அரித்துவிடும். நீர் துருவேறிச் சிவக்கும், வெண்சோறு செம்பழுப்பாகும், பெண்கள் அந்தக் குழாயை விட்டுக் குட்டைக்குத் திரும்பிவிடுவார்கள். பிளாஸ்டிக் குழாய் பொருத்திய ஆப்ரிதேவ் என்னும் வகை மலாவி, கென்யா நாடுகளில் வகுக்கப்பட்டது. நம் கோயம்புத்தூரில் 1980களில் நடந்த சோதனைகளிலிருந்து மார்க் 3 என்பதும் வந்தது. அதில் குழாயைத் தூக்காமலே அடைப்பை மட்டும் மேலே இழுத்து வாஷரை மாற்றலாம். பெரிய வண்டிக்காகக் காத்திராமல் ஊராரே செய்துகொள்ளட்டும் என்பது இரண்டு வகைக்கும் பொதுவான நோக்கம். உத்தரப் பிரதேசத்தில் பாந்தா மாவட்டத்துப் பெண்கள், எழுத்தறிவு மிகக் குறைந்தவர்கள், 1990களில் கைப்பம்பு பழுதுபார்க்கக் கற்றுத் தாங்களே ஊர் ஊராகச் சென்று சரிசெய்தார்கள். நீருக்காக நடப்பவள் பெண்ணாக இருக்கும்போது ஸ்பேனர் மட்டும் ஆணின் கையில் இருப்பானேன்?

இப்போது எங்கள் பக்கத்தில் மேல்நிலைத் தொட்டியும் வீட்டுக்கு வீடு குழாயும் வந்துவிட்டன. அடிகுழாய்கள் பல இடங்களில் துருப்பிடித்து நிற்கின்றன. அதற்காக நான் வருந்தவில்லை. நாற்பது முறை அழுத்திக் குடம் நிரப்புவதைவிடக் குழாயைத் திறந்து நிரப்புவது நல்லதுதான். மோட்டார் எரிந்துபோனால் யார் யாருக்குச் சொல்லியனுப்புவது என்பதை மட்டும் ஒவ்வொரு தெருவும் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

என் மாணவரிடம் திரும்புகிறேன். படத்தைக் கண்டபின் அவருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினேன். இந்த அட்டைக் கதையையும் அதில் எழுதினேன். பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. அவர் இதுவரை ஒரு புதிய கிணறும் தோண்டவில்லையாம். போன நாளிலிருந்து பழைய குழாய்களைத் தேடி மிதிவண்டியில் அலைகிறாராம். சில புதருக்குள் மறைந்து கிடந்தனவாம். வேலை செய்யும் குழாய்களுக்குப் பக்கத்தில் எல்லாம் யாரோ ஒருவர் இருக்கிறாராம்: ஓரிடத்தில் பள்ளி ஆசிரியர், ஓரிடத்தில் கைம்பெண் ஒருத்தி, ஓரிடத்தில் தையற்காரர். நீர் எடுக்கும் குடும்பங்கள் மாதந்தோறும் சிறு தொகை போட்டு வாஷருக்கும் சங்கிலிக்கும் சேர்த்து வைக்கின்றனவாம். அங்கே அட்டை இல்லை, கைப்பேசி இருக்கிறது. எனினும் அழைக்கவேண்டியவர் மறந்துபோவதும், அழைத்ததாகச் சொல்லிவிடுவதும் அங்கும் உண்டு என்று எழுதியிருந்தார். என்னைப் புண்படுத்த எழுதியதன்று என்பது எனக்குத் தெரியும்.

அவர் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார். அதில் ஐந்து கட்டங்கள் போட்டிருக்கிறாராம்: குழாய் இருக்கும் இடம், காவலர் பெயர், பழுது கண்ட நாள், சொல்லியனுப்பிய நாள், நீர் வந்த நாள். மற்றவர்கள் கடைசிக் கட்டத்தையே பார்க்கிறார்களாம். அவர் மட்டும் மாதம் முடிந்ததும் மூன்றாவது கட்டத்துக்கும் நான்காவது கட்டத்துக்கும் இடையே எத்தனை நாள் கழிந்தன என்று கூட்டிப் பார்க்கிறார். தொடக்கத்தில் ஒரு குழாய்க்குப் பதினொரு நாள் இருந்ததாம். சென்ற மாதம் அது மூன்று நாளாக இறங்கியிருக்கிறது.